போர் தண்ணீரின் உப்புப் படிவு: குழாய், குக்கர், வேகாத பருப்பு ஆகியவற்றுக்கு என்ன வழி?

வானதி, மேடவாக்கம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இதுவரை மெட்ரோ தண்ணீர் வரும் பகுதியிலேயே குடியிருந்த நாங்கள், கணவரின் பணி மாற்றத்தால் அண்மையில் மேடவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வாடகைக்கு வந்திருக்கிறோம். இங்கே புழக்கத்துக்கு ஆழ்துளைக் கிணற்று நீர் மட்டும்தான். குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வாங்குகிறோம். குடிவந்த சில வாரங்களிலேயே குளியலறைக் குழாய்களின் கழுத்தைச் சுற்றி வெள்ளைப் படிவு ஏறிவிட்டது. ஷவரின் துளைகளில் பாதி அடைத்துக்கொண்டதால், தண்ணீர் நேராக விழாமல் சுவரை நோக்கிப் பீய்ச்சுகிறது. கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டுகளில், துளிகள் உலர்ந்த இடமெல்லாம் வெண்ணிற வட்டங்கள் நிற்கின்றன. அலுமினியக் குக்கரின் உட்புறம் கறுத்துவிட்டது.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது சமையல்தான். துவரம் பருப்பு எத்தனை விசில் விட்டாலும் மசிவதில்லை. கரண்டியால் அழுத்தினால் தனித்தனியாக நழுவுகிறது. சாதமும் இலேசான மஞ்சள் நிறத்தில் வருகிறது.

அக்கம்பக்கத்தில் பாத்ரூம் ஆசிட் ஊற்றித் தேய்க்கச் சொல்கிறார்கள். காணொளிகளிலோ வினிகரையும் ஆப்ப சோடாவையும் கலந்து நுரை பொங்க ஊற்றிக் காட்டுகிறார்கள். வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது. வாடகை வீடு என்பதால் உரிமையாளர் பொருத்திய குழாய்களும் தரையும் கெடக்கூடாது. பட்டறிவு உள்ளவர்கள் காரணத்தோடு விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

---

பழைய ஆசிரியர் (முதல் பதில்)

வணக்கம் வானதி அம்மா. பள்ளியில் நெடுங்காலம் வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில், படிவு எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அது விளங்கிவிட்டால், எந்த வழி பயன்தரும், எது பொருளையே கெடுக்கும் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் அங்குள்ள கரியமில வாயுவை ஏற்றுக்கொண்டு சற்றே அமிலத்தன்மை பெறுகிறது. அந்த நீர் பாறைகளிலும் மண்ணிலும் உள்ள கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றைப் பைகார்பனேட்டுகளாகக் கரைத்து எடுத்துக்கொண்டு ஆழ்துளைக் கிணற்றுக்கு வந்து சேர்கிறது. கரைந்திருக்கும் வரை அது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரைக் காய்ச்சும்போதோ, ஒரு துளி குழாயின் மேல் நின்று உலரும்போதோ, கரியமில வாயு வெளியேறிவிட, கரையாத கால்சியம் கார்பனேட் அங்கேயே தங்கிவிடுகிறது. சுண்ணாம்புக் கல் எதனால் ஆனதோ, உங்கள் குழாய்க் கழுத்தில் இருப்பதும் பெரும்பாலும் அதுதான். ஆகவே சோப்பும் பாத்திரத் தூளும் அதை ஒன்றும் செய்யா. கம்பி நாரால் தேய்த்தால் படிவு போவதற்கு முன்பாகவே குழாயின் பளபளப்பு போய்விடும். மென்மையான அமிலம் ஒன்றில் அது ஊற வேண்டும். வேலையைச் செய்வது கைவலிமை அல்ல, ஊறும் நேரம்.

வீட்டுக்குப் போதுமான அமிலங்கள் மளிகைக் கடையிலேயே கிடைக்கின்றன. சமையலுக்கு விற்கும் வெள்ளை வினிகரில் ஏறத்தாழ 4 முதல் 5 சதவீதம் வரை அசிட்டிக் அமிலம் உண்டு. சிட்ரிக் அமிலம் வெண்ணிறப் பொடியாகக் கிடைக்கிறது. லெமன் சால்ட் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அதில் ஒரு மேசைக்கரண்டியை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்தால் வினிகரின் நெடியில்லாத நல்ல கரைசல் ஆகிவிடும். கொதிக்கக் கொதிக்க ஊற்றத் தேவையில்லை. மிகுந்த சூட்டில் கால்சியம் சிட்ரேட் என்ற இன்னொரு கரையாப் பொருள் உண்டாகிப் புதிய படிவாக நின்றுவிடக்கூடும்.

குழாய்க்குச் செய்ய வேண்டியது இதுதான். பழைய பருத்தி வேட்டித் துணியைக் கிழித்து, வினிகரில் நனைத்து, படிவு உள்ள இடத்தில் இறுக்கமாகச் சுற்றுங்கள். உலர்ந்துவிடாமல் இருக்க மேலே ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டு ரப்பர் பேண்டு கட்டுங்கள். அரை மணி நேரம் கழித்து அவிழ்த்துப் பார்த்தால் படிவு தயிர்போல் இளகியிருக்கும். பழைய பல்துலக்கியால் மெல்லத் துடைத்தாலே வந்துவிடும். பலநாள் ஏறிய படிவாக இருந்தால் ஒரே முறையில் முழுவதும் போகாது. அப்போது துணியை இரவு முழுவதும் விட்டுவைக்காமல், மறுநாள் அதே அரை மணி நேரத்தைத் திரும்பச் செய்யுங்கள், ஏனெனில் நீண்ட நேரம் அமிலம் பட்டால் குரோமிய முலாமும் மங்கும். பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, உலர்ந்த துணியால் ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். ஷவரின் முகப்பைத் திருகிக் கழற்றி, ஒரு கோப்பையில் சிட்ரிக் கரைசலில் ஊறப் போட்டு, துளைகளை ஊசியால் குத்திவிடலாம். கைகழுவும் குழாயின் முனையில் ஒரு சிறு வலை இருக்கும். தண்ணீர் குறைவாக வருகிறது என்று நாம் எண்ணுவது பல வீடுகளில் அந்த வலையின் அடைப்புதான்.

இனி, நீங்கள் குறிப்பிட்ட இரண்டு வழிகளைப் பற்றி. வினிகரும் ஆப்ப சோடாவும் ஒன்று அமிலம், மற்றது காரம். இரண்டையும் கலந்தால் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, சோடியம் அசிட்டேட் கரைந்த சாதாரண நீர்தான் மிஞ்சும். பொங்கும் நுரை கரியமில வாயு மட்டுமே. வினிகர் தனியாக உப்புப் படிவுக்கும், சோடா தனியாக எண்ணெய்ப் பிசுக்குக்கும் நன்றாகப் பயன்படும். சேர்த்துவிட்டால் இரண்டும் வீண்.

பாத்ரூம் ஆசிட் எனப்படுவது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது படிவை நொடியில் கரைக்கும் என்பது உண்மை. கூடவே குரோமிய முலாமை உரிக்கும், எவர்சில்வரில் புள்ளி புள்ளியாகக் குழி விழச் செய்யும், டைல்ஸ் இடுக்குகளில் பூசிய சிமெண்டையும் அரிக்கும். அதன் ஆவி மூச்சுக்குழாய்க்குத் தீங்கு. தவழும் குழந்தை உள்ள வீட்டில் அந்தப் பாட்டில் இருக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மென்மையான அமிலங்களையும் பயன்படுத்தக் கூடாத இடங்கள் சில உண்டு. சலவைக்கல், மொசைக் தரை, கடப்பாக்கல் மேடை ஆகியவற்றில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ படக்கூடாது. கடப்பாக்கல்லும் சலவைக்கல்லும் சுண்ணாம்பு வகைக் கற்களே. மொசைக்கில் சலவைக்கல் சில்லுகளும் சிமெண்டும் உள்ளன. படிவைக் கரைக்கும் அமிலம் அவற்றையும் கரைத்து, மெருகு போன தடத்தை விட்டுச்செல்லும், அதை மீண்டும் பாலிஷ் போட்டுத்தான் சரிசெய்ய முடியும். உங்கள் சமையல் மேடை கிரானைட்டா, கடப்பாவா என்று உரிமையாளரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

---

மீனா, அருப்புக்கோட்டை (இரண்டாம் பதில்)

வானதி, ஐயா குழாயைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டார். நான் அடுப்படிக்கு வருகிறேன். எங்கள் வீட்டிலும் புழக்கத்துக்கு உப்புத் தண்ணீர்தான். அதிலேயே பருப்பை வேகவைக்க முயன்று எரிவாயுவை வீணாக்குவதைவிட, பருப்புக்கு மட்டும் நல்ல தண்ணீரை ஒதுக்குவது எல்லா வகையிலும் மேல்.

பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பொருள் சூட்டில் இளகினால்தான் பருப்பு குழையும். கடின நீரில், அதாவது நம் போர் தண்ணீர் போன்ற நீரில், உள்ள கால்சியமும் மக்னீசியமும் அந்தப் பெக்டினோடு பிணைந்து அதை இறுக்கிவிடுகின்றன. அதனால்தான் விசிலின் எண்ணிக்கையைக் கூட்டியும் பயனில்லாமல் போகிறது. பருப்பைக் களைவதற்குப் போர் தண்ணீர் போதும். ஆனால் ஊறவைப்பதும் வேகவைப்பதும் கேன் தண்ணீரில் இருக்கட்டும். ஓர் ஆழாக்குப் பருப்புக்கு மூன்று ஆழாக்குத் தண்ணீர் போதும் என்பதால் செலவு பெரிதல்ல. வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மஞ்சள்தூளும் இரண்டு சொட்டு விளக்கெண்ணெயும் விட்டுக் குக்கரில் வைத்துப் பாருங்கள். எண்ணெய் விடுவதால் நுரை பொங்கி விசில் துளையை அடைக்காது. கொண்டைக்கடலை, மொச்சை, ராஜ்மா போன்றவற்றை இரவே கேன் தண்ணீரில் ஊறப்போட வேண்டும்.

புளி, தக்காளி, மாங்காய் ஆகியவற்றைப் பருப்பு நன்றாகக் குழைந்த பிறகே சேர்க்க வேண்டும். புளிப்பும் பெக்டினை இளக விடாது. கடின நீரும் புளிப்பும் சேர்ந்தால் அந்தப் பருப்பை மத்தால் கடைந்தாலும் மசிக்க முடியாது. ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போட்டால் பருப்பு விரைவில் வேகும் என்பது உண்மைதான், ஆனால் அது தையமின் என்னும் பி1 வைட்டமினை அழிப்பதோடு, அளவு சற்றுக் கூடினாலும் சாம்பாரில் சோப்புச் சுவை தட்டும். வேறு தண்ணீரே கிடைக்காத நாளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். நல்ல தண்ணீரிலும் வேகவில்லை என்றால் பருப்பு பழையது என்று பொருள். கடையை மாற்றிப் பாருங்கள்.

சாதம் மஞ்சளாவதற்கும் தண்ணீரின் காரத்தன்மையே காரணம். அரிசியில் இயற்கையாக உள்ள சில நிறமிகள் கார நீரில் மஞ்சளாக மாறுகின்றன. உலையில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் சாதம் வெண்மையாகவும் உதிரியாகவும் வரும், புளிப்பும் தெரியாது.

குக்கரின் கறுப்புக்கு எளிய வழி உண்டு. உள்ளே பாத்திரம் வைத்துச் சமைக்கும்போது, அடியில் ஊற்றும் தண்ணீரில் புளி கரைத்த பின் எஞ்சும் சக்கையையோ பிழிந்த எலுமிச்சைத் தோலையோ போட்டுவிடுங்கள், அலுமினியம் கறுக்காது. ஏற்கெனவே கறுத்ததைப் போக்க, கறுப்பு ஏறிய உயரம் வரை தண்ணீர் ஊற்றி, நெல்லிக்காய் அளவு புளியோ அரை மூடி எலுமிச்சையோ போட்டு, மூடாமல் கால் மணி நேரம் கொதிக்கவிட்டுத் தேய்த்தால் போதும். அலுமினியப் பாத்திரத்துக்குச் சலவை சோடாவை மட்டும் ஒருபோதும் போடாதீர்கள். அது உலோகத்தையே அரித்துவிடும்.

தட்டுகளின் வெண்ணிற வட்டங்களுக்கு மருந்து எதுவும் தேவையில்லை. கழுவியவுடன் காயவிடாமல் பருத்தித் துணியால் துடைத்து அடுக்கினால் வட்டமே விழாது. இது கூடுதல் வேலைதான் என்பதை மறுக்கவில்லை. ஆனால் உப்பு ஏறிய பிறகு செய்யும் வேலையைவிடக் குறைவு.

---

குழாய்ப் பணியாளர், தாம்பரம் (மூன்றாம் பதில்)

வணக்கம். கீசரைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். இந்தத் தண்ணீரில் முதலில் பழுதாவது கீசரின் 'காயில்' (தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச் சுருள்) தான். படிவு காயிலை மூடிக்கொண்டால் சூடு தண்ணீருக்கு எளிதில் போகாது. மின்சாரம் கூடுதலாகச் செலவாகும், ஒரு கட்டத்தில் காயிலே எரிந்துவிடும். கொதிநிலைக்கு அருகில் வைத்துவிட்டுப் பிறகு பச்சைத் தண்ணீர் கலந்து குளிப்பதை விட்டு, வெப்ப அளவை 50 முதல் 55 டிகிரிக்குள் வையுங்கள், ஏனென்றால் சூடு ஏற ஏற உப்பு விரைவாகப் படியும். தொட்டி வகைக் கீசர்களின் உள்ளே அரிப்பைத் தாங்கிக்கொள்வதற்காக மக்னீசியம் தண்டு ஒன்று பொருத்தியிருப்பார்கள். போர் தண்ணீர் உள்ள வீடுகளில் அது சீக்கிரம் கரைந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை பணியாளரை அழைத்துத் தண்டைப் பார்க்கவும் தொட்டிக்குள் சேர்ந்த உப்பை வெளியேற்றவும் சொல்லுங்கள். மின்சாரம் தொடர்புடைய வேலை என்பதால் வீட்டில் நீங்களே திறக்க வேண்டாம்.

---

வானதி, மேடவாக்கம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மீனா அக்கா சொன்னபடி இன்று பருப்பைக் கேன் தண்ணீரில் வைத்தேன், நன்றாகக் குழைந்துவிட்டது. குழாயிலும் துணி சுற்றி எடுத்ததில் படிவு பெரும்பாலும் வந்துவிட்டது. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. கழிப்பறைக் கோப்பையிலும் வாளியின் அடியிலும் செம்மஞ்சள் நிறக் கறை இருக்கிறது. அது வினிகருக்குச் சிறிதும் அசையவில்லை. அதற்குப் பிளீச்சிங் பவுடர் போடலாமா? அடுத்து, என் மாமனாரின் வெள்ளை வேட்டிகள் துவைக்கத் துவைக்கச் சாம்பல் நிறமாகின்றன. நீலம் போட்டும் பயனில்லை.

---

செல்வி, கோவை (நான்காம் பதில்)

அன்புள்ள வானதி, முதலில் ஓர் எச்சரிக்கை. பிளீச்சிங் பவுடரையோ திரவ பிளீச்சையோ, வினிகர், லெமன் சால்ட், ஆசிட் ஆகிய எதனோடும் சேர்க்கவே கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்; காற்றோட்டம் இல்லாத குளியலறையில் அது உயிருக்கே ஆபத்தானது. இன்று ஒன்றை ஊற்றிக் கழுவாமல் விட்டு நாளை மற்றொன்றை ஊற்றுவதும் அதே ஆபத்துதான். நீங்கள் இப்போது வினிகர் பயன்படுத்திக் கொண்டிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் செம்மஞ்சள் கறை சுண்ணாம்பு அன்று, தண்ணீரில் கரைந்து வரும் இரும்பு. காற்று பட்டதும் அது துருவாக மாறி ஒட்டிக்கொள்கிறது. பிளீச்சிங் பவுடர் ஆக்சிஜனேற்றம் செய்யும் பொருள் என்பதால், கரைந்த நிலையில் உள்ள இரும்பையும் துருவாக்கிக் கறையை இன்னும் நிலைநிறுத்தும். ஆகவே வேண்டாம். வாளியில் லெமன் சால்ட் கரைசலைச் சற்றுக் கெட்டியாகக் கரைத்து ஒரு பொழுது ஊறவிடுங்கள். சிட்ரிக் அமிலம் இரும்போடு பிணைந்து துருவைக் கரைத்துக்கொண்டு வரும், வினிகரால் அந்த அளவுக்கு முடியாது. கழிப்பறைக் கோப்பையில் நிற்கும் தண்ணீரைக் கூடியவரை முகந்துவிட்டு லெமன் சால்ட் பொடியை நேரடியாகத் தூவி, மூடி வைத்து, பிறகு பிரஷ் போட்டுத் தேயுங்கள்.

வேட்டியின் சாம்பல் நிறத்துக்குக் காரணம் அழுக்கு மட்டுமல்ல. சோப்புக் கட்டி கால்சியத்தோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத பிசுபிசுப்பான திரையாக மாறி நூலுக்குள் தங்கிவிடுகிறது. வாளியின் ஓரத்தில் ஒட்டும் திரிதிரியான பொருளை விரலால் வழித்துப் பாருங்கள். அதுவேதான் வேட்டியிலும் ஒட்டியிருக்கிறது. அதற்கு மேல் நீலம் போட்டால் நிறம் மட்டும்தான் மாறும். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கரண்டி சலவை சோடாவை முதலில் கரைத்துக் கால் மணி நேரம் வைத்திருங்கள். கால்சியம் அடியில் மாவாகத் தங்கும். தெளிந்த நீரை வேறு வாளிக்கு மாற்றி, அதில் சோப்புக்கு மாற்றாகச் சலவைத் தூளைக் கலந்து ஊறவையுங்கள், ஏனெனில் சலவைத் தூளில் உள்ள டிடர்ஜெண்ட் கடின நீரில் சோப்பைப்போலத் திரிவதில்லை. ஏற்கெனவே சாம்பல் ஏறிய வேட்டியைச் சூடான சோடா நீரில் ஊறவைத்து அலசி, கடைசி அலசலில் இரண்டு மேசைக்கரண்டி வினிகர் சேர்த்தால் படிப்படியாக வெளுக்கும். பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா ஆகாது. பட்டுப் புடவைக்குப் பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கிய நீர்தான் ஏற்றது. அதன் நுரை கடின நீரிலும் திரியாது.

---

குடியிருப்போர் சங்கச் செயலாளர், பெரும்பாக்கம் (ஐந்தாம் பதில்)

எல்லோரும் வீட்டுக்குள் செய்யக்கூடியவற்றை நன்றாக விளக்கிவிட்டார்கள். தண்ணீரையே சரிசெய்வது பற்றி நான் சில செய்திகளைச் சேர்க்கிறேன்.

எந்தக் கருவியையும் வாங்கும் முன்பு உங்கள் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். விற்பனையாளர்கள் கையில் கொண்டுவந்து காட்டும் டிடிஎஸ் மீட்டர், கரைந்துள்ள எல்லா உப்புகளையும் சேர்த்தே மதிப்பிடும். கடினத்தன்மை எவ்வளவு என்று தனியாகச் சொல்லாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500 என்பது. அதன்படி மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, மாற்று நீர் இல்லாத இடங்களில் 600 வரை அனுமதிக்கப்படுகிறது. உடனடியாக ஒரு மதிப்பீடு வேண்டுமென்றால், இரண்டு பாட்டில்களில் கேன் தண்ணீரையும் போர் தண்ணீரையும் சம அளவு எடுத்து, ஒரே அளவு துணிசோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்குங்கள். ஒன்றில் நுரை நிற்கும். மற்றதில் பால்போல் கலங்கி, மேலே திரை மிதக்கும்.

சாஃப்ட்னர் எனப்படும் கருவி, ரெசின் மணிகளின் வழியே நீரைச் செலுத்திக் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, அவற்றுக்கு ஈடாகச் சோடியத்தை விடுகிறது. மணிகள் நிறைந்ததும் கல்லுப்புக் கரைசலால் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். இதைத் தவறாமல் செய்ய ஆள் இல்லாத குடியிருப்புகளில் கருவி பேருக்குத்தான் நிற்கிறது. குழாய், கீசர், துணி ஆகியவற்றுக்கு அந்த நீர் மிக நல்லது. ஆனால் சோடியம் கூடியிருப்பதால் செடிகளுக்கு ஊற்ற வேண்டாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் குடிக்கவும் வேண்டாம். வாடகை வீட்டில் முழுக் குடியிருப்புக்கும் ஒரே கருவியைச் சங்கத்தின் மூலம் பொருத்தக் கேட்பதே முறையானது. அதுவரை துணி இயந்திரத்துக்கு மட்டும் சிறிய வடிகட்டி ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் உங்கள் சங்கத்தில் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. குழாயும் குழியும் பல குடியிருப்புகளில் இருக்கின்றன, ஆனால் வடிகட்டிக் குழியில் மணலும் சருகும் அடைத்துக்கொண்டு மழைநீர் தெருவுக்கு ஓடுகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பாக மொட்டை மாடியைக் கூட்டி, குழியிலுள்ள ஜல்லியையும் மணலையும் எடுத்துக் கழுவிப் போட்டால், நிலத்தடியில் நல்ல நீர் கலந்து கடினத்தன்மை குறைய வழி உண்டு. முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்த மழைகளில் மாடி நீரைச் சுத்தமான தொட்டியில் பிடித்து வையுங்கள். அதில் சுண்ணாம்பு அறவே இல்லாததால் துணி துவைக்கவும் தலை அலசவும் அதைவிடச் சிறந்த நீர் கிடையாது. உங்கள் குடியிருப்பின் குழி எங்கே இருக்கிறது என்று காவலரிடம் கேட்டால் தெரியும். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள், எந்த அளவில் ஜல்லி போட வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.